சௌந்தர்யாவின் சொந்த வாக்கியம்

ஸ்ரீ யோக நரசிம்மர் துணை

ஆம்பூர்
19 நவம்பர் 2024

பிரிசில்லா டீச்சருக்கு அமிர்தவள்ளி எழுதுவது.

சனிக்கிழமை ஷூ கம்பெனி கேண்டீன் ஹாலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த அம்மா. அவர் கூட வந்த, தலை நரைத்த ஐயா. பர்சனல் ஆபீஸர் பிரேம்நாத் சார். சோல் ஒட்டும் லைனின் சூப்பர்வைசர் முக்தார் அகமது பாய். நீங்கள். உங்கள் சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், ஒருவரும் விடுப்பு இல்லை. பெற்றோர் சார்பில் ஜஹீருன்னிசாவும் நானும். டீ கொண்டுவந்த கமலம். இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. அவர் அன்றைக்குக் கொடுத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு லைனில் நின்று பசை தடவிக்கொண்டிருந்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று மகளுக்குச் சாடை காட்டினார் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதனால்தான் ஆள் ஆளாக எழுதுகிறேன். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நடந்ததையும் எழுதுகிறேன். நீங்கள் போர்டில் 'ஆஸ்டென்சிபிளி' என்று எழுதியிருந்தீர்கள். பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு என்று பொருள். அந்த வெளிநாட்டு அம்மா, யாராவது இதற்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார். எங்கள் சௌந்தர்யா எழுந்தாள். "பார்வைக்கு இந்த முகமூடிகள் தொழிலாளர்களுக்காக. உண்மையில் விருந்தாளிகளுக்காக" என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா சிரிப்பை நிறுத்தி, எப்படி என்று கேட்டார். "இன்று எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. மற்ற நாட்களில் அது டார்மென்ட்" என்றாள். அதுவும் போன வாரம் நீங்கள் கொடுத்த வார்த்தைதான், உறங்கிக் கிடப்பது. சொல்லிவிட்டுச் சரியா மிஸ் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் தலையாட்டினீர்கள் டீச்சர். நான் பார்த்தேன்.

எனக்கு அந்த வாக்கியம் பிரேம்நாத் சாருக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் சௌந்தர்யா கொண்டுவரும் வார்த்தைகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, பருப்பு வேகும் நேரத்தில் படித்தவள். சிக்கனத்தைச் சொல்லும் 'ஃப்ரூகல்' என்றால் அம்மா என்று எழுதிக்கொண்டு வந்தாளே, அன்று நீங்களும் சிரித்தீர்களாம். 'அக்ரிட்' என்ற காரமான வாடைக்கு அவள் எழுதியது அப்பாவின் சட்டை. புத்தகத்து வாக்கியம் வாங்க மாட்டேன், வார்த்தையை உன் வீட்டுக்குள் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்பது உங்கள் வகுப்பு விதி. அவள் வீட்டுக்குள்தான் தேடினாள். விருந்தாளி வரும் நாளில் மட்டும் மாஸ்க் கொடுத்து சாயந்திரம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று அவள் அப்பா சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள்.

திங்கள் காலை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "பொண்ணுக்கு யார் கத்துக் குடுத்தது கோதண்டராமன்? யூனியன் ஆளா?" என்று பிரேம்நாத் சார் கேட்டிருக்கிறார். "டீச்சர் குடுத்த வார்த்தை சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். வேலைக்கு வராதே என்றும் சொல்லவில்லை, லைனுக்குப் போ என்றும் சொல்லவில்லை. டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

நேற்று ஒருவன் பைக்கை எதிரில் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசாவிடம், "இந்த வூட்டுப் பொண்ணு எந்த ஸ்கூலு?" என்று கேட்டிருக்கிறான். நான் அதிலிருந்து வாசல் கதவைத் திறந்துவைப்பதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வாக்கியம் நீங்கள் மனப்பாடத்துக்குக் கொடுத்தது, அவள் பொருள் தெரியாமல் ஒப்பித்தாள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதோடு முடிந்துவிடும்.

போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்கு ஒரே போன், அது அவர் பையில். வகுப்பு வாட்ஸப் குழுவிலும் பிரேம்நாத் சார் இருக்கிறார். ஞாயிறன்று அஜீஸுன்னிசா போனிலிருந்து கூப்பிட்டபோது நீங்கள் இரண்டு வார்த்தை கூடக் கேட்காமல் வைத்துவிட்டீர்கள். அது எனக்கு மனசில் இருக்கிறது. பதிலை அவள் விலாசத்துக்கே போடுங்கள்.

அமிர்தவள்ளி


வேலூர்
22 நவம்பர் 2024

அன்புள்ள அமிர்தவள்ளி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் போனை வைத்தது உங்கள்மேல் கோபத்தில் இல்லை. ஆராதனை முடிந்து சர்ச் வாசலுக்கு வந்தேன். அங்கே பிரேம்நாத் சார் காரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். என் சர்ச் எது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. "வேலூர்ல வேலையா வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு" என்று சிரித்தார். அந்த நேரத்தில்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கோதண்டராமன் அண்ணன் என் பெயரைச் சொன்னதையும் மறுநாள் திங்களன்று போன் பண்ணி அவர்தான் சொன்னார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வலித்தது. வகுப்பை நடத்தும் அறக்கட்டளை என்னை இனி ஆம்பூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எழுத்தில் விளக்கமும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இருபத்தைந்து வயதுதான் ஆகிறது அக்கா. இது என் முதல் வேலை. தைரியமான ஆள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எனக்கு எழுதியிருந்தால், நான் அந்த ஆள் இல்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிள்ளைகளும் நீங்களும் போன பிறகு அந்த வெளிநாட்டு அம்மா என்னைத் தனியாக நிறுத்தி, அந்தப் பெண்ணுக்குத் தான் சொன்னது புரிகிறதா என்று கேட்டார். பொருள் தெரியாத வார்த்தையை அவள் வாயில் வைக்கவே மாட்டாள் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. என் மாணவியைப் பற்றிக் கேட்டதும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். பிரேம்நாத் சார் பின்னால் நின்றிருந்தார்.

அப்படிச் சொன்ன வாயால், அவள் ஒன்றும் தெரியாமல் ஒப்பித்தாள் என்று எப்படி எழுதுவேன்? அதைவிடப் பெரிய கேள்வி, அவள் அதைப் படித்தால் என்ன ஆவாள்? ஒன்பதாம் வகுப்பில் வந்தபோது வாயைத் திறக்காத பெண். தெரியாத வார்த்தையைத் தெரிந்த மாதிரி தலையாட்டும் பிள்ளைகள் நடுவில், "இது எனக்குப் புரியல மிஸ்" என்று கை தூக்கிய ஒரே பெண்.

அவளைக் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அவள் என்ன சொல்கிறாள் என்பது ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பிரிசில்லா


ஸ்ரீ யோக நரசிம்மர் துணை

ஆம்பூர்
25 நவம்பர் 2024

பிரிசில்லா டீச்சருக்கு,

ஜெபம் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கார்த்திகை ஞாயிறு விரதம் இருந்து சோளிங்கர் மலை ஏறிவிட்டு வந்தேன். ஏறும்போது கால் வலிக்கவில்லை, நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று படிக்குப் படி திரும்பிப் பார்த்தேன். சாமி முன்னால் நின்றும் கதவைப் பூட்டினேனா என்ற யோசனைதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். குழந்தை சொன்னதைக் குழந்தைப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் பெருமைக்கு என் வீட்டில் அடுப்பு அணையப் பார்க்கிறது.

அவளைக் கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க என்ன இருக்கிறது? அவள் பேசினால்தானே. சுவரில் ஒட்டியிருந்த வார்த்தைகளை எல்லாம் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டாள். பள்ளியில் இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொன்னார்களாம். "தெரியாது மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள் என்று ஜஹீருன்னிசா மகன் வந்து சொன்னான். என்ன குழம்பு வைக்கட்டும் என்றால்கூட என்னைப் பார்த்துவிட்டு, எது வேண்டுமானாலும் என்கிறாள். எது சொன்னால் யாருக்கு என்ன ஆகுமோ என்று எடை போட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பதினாறு வயசுப் பெண் முகத்தில் இருக்க வேண்டிய பார்வையா அது?

நேற்று சாயந்திரம் முக்தார் பாய் வந்தார். நான் மலையிலிருந்து வந்து குளித்துக்கூட முடிக்கவில்லை. அவரும் எங்கள் வீட்டுக்காரரும் ஒரே வருஷம் கம்பெனியில் சேர்ந்தவர்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"டீ கீ ஒண்ணும் வேணாம் தங்கச்சி. பேஜார் புடிச்ச வேலைய என் தலைல கட்டிட்டாங்க" என்று ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இன்னா எழுதிருக்கு பாய்?" என்று இவர் கேட்டார்.

"புள்ளைக்கு கத கட்டிப் பேசுற பழக்கம் இருக்குது. சின்ன வயசுலேர்ந்தே இருக்குது. நாங்க கண்டிச்சி வைக்கிறோம்னு. கீழ அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து. அவ்ளோதான்."

"அவ பொய் சொல்லலியே பாய்" என்றேன் நான்.

"நான் சொன்னனா பொய்னு? காயிதம் சொல்லுது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த திங்கக்கெழம குடுத்தா செவ்வாக்கெழம லைன்ல நிக்கலாம். ஸ்கூலுக்கு ஒரு காப்பி போவும், அது ஒரு வழக்கம், ஜாஸ்தி யோசிக்காதீங்க."

"குடுக்கலன்னா?"

"அது எனக்கு சொல்லல தங்கச்சி. எனக்கே சொல்லலன்னா நீங்களே பாத்துக்கோங்க."

அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தின் ஓரம் பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவைத்தார். கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று தெரிந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் தோளே ஒடுங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் சுவரோரமாக நகர்ந்துகொள்கிறார்.

டீச்சர், கோபத்தில் மேலே எழுதியதை மன்னித்துவிடுங்கள், அடித்து அழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டு பொய்யில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றவர்களே பொய்க்காரி என்று எழுதிய பெண்ணாக அவள் பள்ளிக்குப் போவதைவிட, பொருள் தெரியாத பெண்ணாகப் போகட்டும். தெரியாதது குற்றம் இல்லை, நாளைக்குத் தெரிந்துகொள்ளலாம். பொய்க்காரி என்ற பெயர் கல்யாணம் வரைக்கும் கூட வரும். உங்கள் கடிதம் இருந்தால் அதைக் கொடுத்து இதைத் திருப்பிக் கேட்பேன். திங்களுக்குள் வேண்டும்.

அமிர்தவள்ளி


வேலூர்
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. சௌந்தர்யா அந்த வாக்கியத்தை என் பயிற்சித் தாளிலிருந்து பொருள் உணராமல் ஒப்பித்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெருமை என்று எழுதினீர்களே, அது சரிதான். அதற்கு நான் கொடுக்கும் விலை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வெளிநாட்டு அம்மா எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். எங்கள் வகுப்புப் படங்கள் அனுப்புவதற்காக என் விலாசத்தை முன்பே வாங்கிவைத்திருந்தார். டிசம்பரில் சென்னைக்குத் திரும்ப வருகிறாராம். பெற்றோர் சம்மதித்தால் சௌந்தர்யாவைச் சந்திக்க வேண்டும், கம்பெனி ஆட்கள் யாரும் இல்லாமல், கூட அம்மாவோ அப்பாவோ இருக்க. இதைக் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் பெயரோ அண்ணன் பெயரோ எங்கும் வராது என்கிறார். அது எவ்வளவு நம்பத் தகுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. லைனில் இருப்பவரின் மகள் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு பெயர் வராமல் எப்படி இருக்கும்?

நான் இன்னும் பதில் போடவில்லை. போகச் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இல்லை. நீங்கள் சொல்கிறபடி எழுதுகிறேன்.

கடிதத்தை சௌந்தர்யா கண்ணில் காட்டாதீர்கள், முடிந்தால்.

பிரிசில்லா


ஸ்ரீ யோக நரசிம்மர் துணை

ஆம்பூர்
3 டிசம்பர் 2024

அன்பு பிரிசில்லா டீச்சருக்கு,

மறைக்க முடியவில்லை. அஜீஸுன்னிசா வீட்டுக்கு வந்த தபாலை வாங்கிவந்தவளே சௌந்தர்யாதான். உறை பிரிந்திருந்ததா, பிரித்தாளா, கேட்கவில்லை. ஞாயிறு சாயந்திரம் அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். நான் உங்கள் கடிதத்தை நீட்டி, "இத குடுக்கலாம், அது வேணாம்" என்றேன். அப்போது அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. பத்து நாளாக அவள் தானாகப் பேசியதில்லை.

"மிஸ்ஸே எழுதிட்டாங்க இல்லம்மா?"

"மிஸ்ஸுக்கும் பயம் கண்ணு" என்றேன்.

"தெரியும். கையெழுத்து நடுங்கியிருக்குது." பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "பரவால்ல, எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். இல்ல பொய் சொல்றவன்னு இருக்கட்டும். எது சீக்கிரம் முடியுமோ அத குடுங்க. அப்பா லைனுக்குப் போகட்டும்."

அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அரிசி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அவர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு மூடிவிட்டார். "நான் வூட்ல சொன்னதத்தான்டி அவ அங்க சொன்னா" என்றார் என்னிடம். "அவ கத கட்டுறவன்னா நான் இன்னா? அவளுக்குப் பொருள் தெரியாதுன்னா, தெனம் அந்த வாடைல நிக்கிறனே, எனக்குமா தெரியாது?" அவ்வளவுதான் சொன்னார். நானும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுக்க வாய் வந்தது, மகள் முதுகைப் பார்த்தேன், நின்றுவிட்டது.

திங்கள் காலை கையெழுத்து இல்லாத காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். நடந்ததை வந்து சொன்னார். பிரேம்நாத் சார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, காலியா இருக்கு?" என்றிருக்கிறார்.

"கையெழுத்து வராது சார்."

"யோசிச்சுதான் பேசுறியா?"

"இல்ல சார். பயந்துகினுதான் பேசுறேன்."

பிரேம்நாத் சார் காகிதத்தை மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டாராம். சத்தம் போட்டிருந்தால் தேவலை. விசாரணை நோட்டீஸ் வீட்டுக்கு வரும் என்று டைம் ஆபீசில் சொன்னார்களாம். அதுவரை பெஞ்ச். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் தபால்காரரோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அடுத்த மாதம் எப்படி என்று யோசிக்காமல் இருக்க, சுலோகம் சொல்லிக்கொண்டு வேலை பார்க்கிறேன். பாதியில் சுலோகம் மறந்துபோகிறது.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துவிடுங்கள். வேறு யார் கையிலும் அது கிடைக்கக் கூடாது. நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை, நான்தான் கேட்டேன். சௌந்தர்யாவுக்கு வருத்தம் இருக்கிறது. அதை நான் போக்க முடியாது, நீங்கள்தான் வர வேண்டும்.

இன்று மதியம் நடந்ததைச் சொல்லத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேண்டீனுக்குப் போகும்போது முக்தார் பாய் பெஞ்சுப் பக்கம் வந்து, செருப்பு வார் போடுகிற மாதிரி குனிந்தாராம். தலையைத் தூக்காமலே கேட்டாராம்.

"அந்த வெள்ளக்கார அம்மா திரும்ப வருமா கோதண்டம்?"

இவர் பயந்து, "எனக்கு இன்னா பாய் தெரியும்?" என்றிருக்கிறார். நம்மை ஆழம் பார்க்க அனுப்பினார்களோ என்று.

"நான் கேக்கல. லைன்ல கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஆள் அனுப்பிக் கேட்டதா, தானாகக் கேட்டதா, எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வந்ததிலிருந்து இவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் குனிந்தபோது கை நடுங்கியது, வேஷம் போடுகிறவனுக்குக் கை நடுங்காது என்கிறார். நடுங்கும் என்கிறேன் நான்.

சௌந்தர்யாவைக் கேட்டேன் டீச்சர். நீங்கள் சொன்னபடி, அவளை உட்காரவைத்து, அந்த அம்மாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். "அப்பாவும் கூட வந்து சொல்வாரா, நான் மட்டுமா?" என்றாள். அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். "வர்றேன்" என்றார்.

அதனால் அந்த அம்மாவுக்கு எங்கள் சம்மதத்தை எழுதிவிடுங்கள். மூன்று பேரும் வருகிறோம். ஆம்பூரில் வேண்டாம், சென்னைக்கு ரயிலில் ஒன்றாகப் போனால் யாராவது பார்ப்பார்கள், வேலூரில் ஏதாவது ஓர் இடம் சொல்லுங்கள். நீங்களும் அங்கே இருக்க வேண்டும். எந்த நாள், எந்த இடம் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

அமிர்தவள்ளி